ஸ்பேஸ் பாரிலிருந்து கையை எடுங்கள்

மார்ச் பிறந்துவிட்டால் என் டி.டி.பி. கடை பெஞ்சில் இடம் இருக்காது. பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது கடை. போன வருடம் ஒரு தம்பி 84 பக்க ஆய்வேட்டைப் பென் டிரைவில் கொண்டுவந்தான். என் கம்ப்யூட்டரில் திறந்தால், மூன்றாம் இயலின் தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் தொங்குகிறது. சான்றிதழ் பக்கத்தில் நெறியாளர் கையெழுத்துப் போடும் இடம் பாதி வெட்டுப்பட்டு அடுத்த வரிக்கு ஓடியிருக்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்குச் சமர்ப்பிக்க வேண்டும். “அக்கா, வீட்டுல நல்லாத்தான் இருந்துச்சு” என்று சொல்லும்போதே அவன் குரல் கம்மிவிட்டது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பக்கத்தை ஒழுங்காக அமைப்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று அவனை உட்கார வைத்துக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேர்டில் ஹோம் பட்டையில் ஆங்கில ‘பி’ எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல ஒரு குறி இருக்கும், அதை அழுத்துங்கள். லிப்ரேஆபீஸ் ரைட்டரில் கன்ட்ரோல் + எஃப்10. இப்போது நீங்கள் அடித்த ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளியாகவும், ஒவ்வொரு என்டரும் அந்தத் திருப்பிப் போட்ட குறியாகவும் தெரியும். அச்சில் இவை வராது, பயப்பட வேண்டாம். தம்பியின் கோப்பில் மூன்றாம் இயலுக்கு முன்னால் அந்தக் குறி பதினேழு இருந்தது. புதுப் பக்கம் வரும்வரை என்டரைத் தட்டியிருக்கிறான். அவன் லேப்டாப்பில் தாள் அளவு ‘லெட்டர்’ என்று இருந்தது, அமெரிக்காவில் புழங்கும் அளவு. நான் அச்சுக்காக ஏ4-க்கு மாற்றினேன். லெட்டரைவிட ஏ4 கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் உயரம் கூடுதல், 6 மில்லிமீட்டர் அகலம் குறைவு. வரிகள் வேறு இடத்தில் மடங்கின, பதினேழு என்டரின் கணக்கும் தப்பிப்போனது.

அதனால் ஓர் எழுத்துகூட அடிப்பதற்கு முன்பே லேஅவுட் போய் சைஸில் ஏ4 வைத்துவிடுங்கள். பைண்டிங் போடுவதாக இருந்தால் இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விடுங்கள். குறைத்தால் வரியின் முதல் எழுத்துகள் தையலுக்குள் போய்விடும். புதுப் பக்கம் வேண்டுமென்றால் கன்ட்ரோல் + என்டர், ஒரே ஒரு தடவை.

அடுத்தது கையெழுத்து வரி. விடுப்புக் கடிதமோ சான்றிதழோ, இடது பக்கம் ‘இடம்’, வலது பக்கம் ‘நெறியாளர்’ என்று வரவேண்டும். எல்லோரும் நாற்பது ஐம்பது ஸ்பேஸ் அடித்துத் தள்ளுகிறார்கள். எழுத்துரு மாறினால் ஸ்பேஸின் அகலமும் மாறும், அவ்வளவுதான், வரி கோணிவிடும். இப்படிச் செய்யுங்கள்: வியூ பட்டையில் ரூலரை வரவழையுங்கள். ரூலரின் இடது மூலையில் சின்னக் கட்டத்துக்குள் ஆங்கில ‘எல்’ மாதிரி ஒன்று இருக்கும். அதை இரண்டு தடவை சொடுக்கினால் ‘எல்’ திரும்பி நிற்கும். அதுதான் வலது டேப். இப்போது ரூலரில் வலது ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு சொடுக்கு. வரியில் ‘இடம்’ என்று அடித்து, டேப் விசையை ஒரு முறை தட்டி, ‘நெறியாளர்’ என்று அடியுங்கள். சொல் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இடப்பக்கமாக வளரும். அதைப் பார்த்ததும் தம்பி முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சொல்லித் தருவேன்.

தலைப்புகளைக் கையால் பெரிதாக்கித் தடிமனாக்க வேண்டாம். தலைப்பில் கர்சரை வைத்து, ஸ்டைல்ஸில் ‘ஹெடிங் 1’ கொடுங்கள், உட்தலைப்புக்கு ‘ஹெடிங் 2’. பிறகு ரெஃபரன்சஸ் பட்டையில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸைச் சொடுக்கினால் பொருளடக்கம் பக்க எண்ணோடு தானே வந்துவிடும். பக்கம் மாறினால் பொருளடக்கத்தின்மேல் கர்சரை வைத்து எஃப்9 தட்டுங்கள். பொருளடக்கத்துக்குப் புள்ளி புள்ளியாக அடித்து ராத்திரி முழுக்க உட்கார்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் இன்னொரு முறை பிழை திருத்தியிருக்கலாம்.

தமிழில் அடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஹெடிங்கின் எழுத்தளவை மாற்றியும் ஆங்கிலம் மட்டும் பெரிதாகி, தமிழ் அப்படியே நிற்கும். வேர்டு தமிழைக் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று வேறு கணக்கில் வைத்திருப்பதுதான் காரணம். ஸ்டைலை ரைட் கிளிக் செய்து மாடிஃபை, அதில் ஃபார்மட், ஃபான்ட் என்று போனால் அந்தப் பெயரில் தனிப் பெட்டி இருக்கும். அங்கேயும் எழுத்துருவையும் அளவையும் கொடுக்க வேண்டும். லதாவோ நிர்மலா யுஐயோ, யுனிகோடில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே இருங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத கம்ப்யூட்டரில் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகளின் இடைவெளி ஏறி இறங்கித் தெரிந்தால், பாராகிராஃப் அமைப்பில் லைன் ஸ்பேசிங்கை ‘எக்ஸாக்ட்லி’ ஆக்குங்கள். 12 அளவு எழுத்துக்கு 22 வைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் ‘கி’, ‘கீ’ போன்ற எழுத்துகளின் மேல் வளைவு, அதாவது மேல் விலங்கின் தலை வெட்டுப்படும்.

இரண்டு ஓரமும் சமமாக இருக்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை போடுவது என் கண்ணுக்குப் பிடிப்பதில்லை. ‘கொடுக்கப்பட்டிருக்கின்றன’ போன்ற நீளச் சொற்கள் அடுத்த வரிக்குப் போகும்போது மேல் வரியில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். கல்லூரி கட்டாயம் கேட்டால் சரி, இல்லையென்றால் இடது பக்கமாகவே விடுங்கள்.

கடைக்குப் புறப்படும் முன் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அதைப் போனில் திறந்து சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வோர் இயலின் முதல் பக்கம் மட்டும் புரட்டிப் பாருங்கள். பென் டிரைவில் வேர்டு கோப்பும் இருக்கட்டும். நெறியாளர் கடைசி நேரத்தில் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ சேர்க்கச் சொன்னால் நான் திருத்துவதற்கு அதுதான் வேண்டும்.