கல்லீரல் நோயில் பிளேட்லெட் குறைவு: எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள்

ரத்தம் உறைய உதவும் தட்டணு, அதாவது பிளேட்லெட் என்றாலே பதறும் பழக்கத்தை டெங்கு நமக்குக் கொடுத்துவிட்டது. அறிக்கையில் 70,000 என்று கண்டதும் ஒருவர் பப்பாளி இலை பறிக்கக் கிளம்புவார். இன்னொருவர் ரத்தம் கொடுக்க ஆள் தேடி வாட்ஸ்அப்பில் செய்தி போடுவார். டெங்குவிலேயே இந்த அவசரம் பெரும்பாலும் தேவையற்றது. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோயில் இதனால் பலனில்லை. சில சமயம் கெடுதலே மிஞ்சும்.

டெங்குவில் சரிந்த எண்ணிக்கை சில நாட்களில் தானாக ஏறிவிடும். சிரோசிஸில் அது ஆண்டுக்கணக்கில் தாழ்ந்தே கிடக்கும். கல்லீரல் இறுகிவிடுவதால் அதற்குள் செல்லும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடுகிறது, மண்ணீரல் வீங்குகிறது. இயல்பான மண்ணீரலில் உடலின் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு தங்கியிருக்கும். வீங்கிய மண்ணீரலில் இது 90 சதவீதம் வரைகூடப் போகும். தட்டணு உற்பத்தியைத் தூண்டும் த்ரோம்போபாய்ட்டின் கல்லீரலில்தான் சுரக்கிறது, அதுவும் குறைகிறது. மது அருந்துபவருக்கு எலும்பு மஜ்ஜையும் சோர்ந்துபோகிறது.

எண்ணிக்கை குறைந்துவிட்டது, உடனே பிளேட்லெட் ஏற்றுங்கள் என்று மருத்துவரை நெருக்குவது முதல் தவறு. ஏற்றுவதில் பெரும்பகுதி அதே மண்ணீரலுக்குத்தான் போய்ச் சேரும். ரத்தக்கசிவு இருந்தாலோ, ஆபத்து மிகுந்த சிகிச்சைக்கு முன்போதான் அதற்கு வேலை. வயிற்றில் கோத்த நீரை ஊசி வைத்து எடுப்பதற்குப் பொதுவாக அது வேண்டியதில்லை. சிகிச்சைக்கு முன் எண்ணிக்கையை உயர்த்த அவாட்ரோம்போபாக், லூசுட்ரோம்போபாக் என்ற மாத்திரைகளுக்கு அமெரிக்கா 2018-இல் ஒப்புதல் தந்தது. இவை வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், பல் பிடுங்கவோ அறுவைக்கோ நாள் குறிக்கும்போதே கல்லீரல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ‘பிளேட்லெட் குறைவு, அதனால் ரத்தம் உறையாது’ என்று நம்புவது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றையும், உறையாமல் தடுக்கும் முக்கியப் புரதங்களையும் தயாரிப்பது கல்லீரல்தான். நோயில் இரண்டுமே குறைவதால் ஒரு தள்ளாட்டமான சமநிலை உண்டாகிறது. 50,000 தட்டணு உள்ளவருக்கும் போர்ட்டல் குழாயில் ரத்தக்கட்டி வரலாம். அதற்காகத் தந்த மருந்தை, அறிக்கையைப் பார்த்துப் பயந்து தானாக நிறுத்துவது ஆபத்து.

ரத்த வாந்திக்கும் பிளேட்லெட்டைக் குறை சொல்கிறார்கள். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்கள் வெடிப்பதே அதற்கு வழக்கமான காரணம், வெடிக்கவைப்பது அழுத்தம். எண்டோஸ்கோபி செய்து வளையம் போடுவதும், ப்ரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகளும்தான் அங்கே காப்பு. ‘பிளேட்லெட் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. எண்ணிக்கை குறைவாக இருப்பதே அந்தப் பரிசோதனை தேவை என்பதற்கு ஓர் அடையாளம். ரத்த வாந்தியோ, தார் போலக் கருத்த மலமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இரண்டும் கூடாது. ரத்தக்கசிவைத் தூண்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலைக் குறைந்த அளவில், மருத்துவர் சொன்னபடி எடுக்கலாம். பப்பாளி இலைச் சாறு இந்த நோயில் உதவும் என்பதற்குத் தக்க ஆதாரமில்லை. ‘இயற்கைதானே’ என்று சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததைக் கொரோனா காலத்தில் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பதற்றத்துக்கு நேர்மாறான அலட்சியமும் உண்டு. சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், பிளேட்லெட் 1,30,000, வேறு தொந்தரவில்லை. ‘கொஞ்சம்தானே குறைவு’ என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறோம். 1,50,000-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும் எண்ணிக்கை, வெளியே தெரியாத சிரோசிஸின் முதல் தடயமாக இருக்கலாம். முதலில் ரத்தத்துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். சேகரிப்புக் குழாயிலேயே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இயந்திரம் குறைத்து எண்ணிவிடும். அப்படி இல்லையென்றால், வயிற்று ஸ்கேனும் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.