ஒரு மதிப்பெண் வினாவில் நான்கு கேள்விகள்

ஒரு மதிப்பெண் வினாவுக்குச் சரியான விடையைக் குறித்ததும் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். மீதி மூன்று விடைகளும் எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்று பக்கத்திலேயே பென்சிலில் எழுதும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள்.

‘மின்தடையின் அலகு எது? மோ, ஜூல், ஓம், ஓம் மீட்டர்’ என்று ஒரு கேள்வி. மனப்பாடம் செய்யும் பிள்ளை ‘ஓம்’ என்பதோடு நின்றுவிடும். இந்த முறையில் மோ மின்கடத்து திறனுக்கு, ஜூல் ஆற்றலுக்கு, ஓம் மீட்டர் மின்தடை எண்ணுக்கு என்று யோசித்தாக வேண்டும். ஒரு கம்பியின் நீளத்தைக் கூட்டினால் மின்தடை மாறும், கம்பி செய்யப்பட்ட பொருளின் தன்மையான மின்தடை எண் மாறாது என்பதும் அப்போதுதான் பிடிபடும். என்னைக் கேட்டால் பாடமே அங்கேதான் இருக்கிறது. தேர்வில் கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் பிள்ளை தடுமாறாது. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் நீட் போன்ற தேர்வுகளுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். தனியாக ஒரு கைடு வாங்கும் செலவும் மிச்சம், பழைய வினாத்தாள்களே போதும்.

விடைகள் வெறும் ஆண்டுகளாகவோ கணக்கின் எண்களாகவோ இருந்தால் இது பெரும்பாலும் பயன்படாது. மனப்பாடச் செய்யுள், திருக்குறள், சூத்திரம் எல்லாம் வாய்விட்டுச் சொல்லி, பார்க்காமல் எழுதித்தான் பழக வேண்டும். அப்புறம், தேர்வுக்கு முந்தின இரவு இதை ஆரம்பிக்காதீர்கள், நேரம் போதாது.