காலைப் பழக்கம்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

மார்கழி பிறந்தால் எங்கள் மொட்டை மாடி யோகா வகுப்பில் பாய் விரிக்க இடம் இருக்காது. பொங்கல் முடிந்ததும் பாதிப் பேரைக் காணோம். கடைத்தெருவில் பார்த்து விசாரித்தால், "விடியக்காலைல எழுந்தா மனசு லேசாகும்னீங்க மாஸ்டர், எரிச்சல்தான் ஜாஸ்தியாச்சு" என்கிறார்கள். நான் கற்றுக்கொண்ட காலத்தில் அடித்த அதே கூத்துதான்.

தூக்கத்தை வெட்டி எழுவது

சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பிரம்ம முகூர்த்தம் என்று நாலரைக்கு அலாரம். படுப்பதோ வழக்கம்போலப் பன்னிரண்டரைக்கு. அந்த நேரத்தில் எழுந்த நம் தாத்தா பாட்டிகள் எட்டரைக்கெல்லாம் பாயில் சாய்ந்தவர்கள். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

வயது வந்த எவருக்கும் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அதிலும் எந்தப் பகுதி வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். கனவுகள் அதிகம் வரும் 'ரெம்' உறக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. பகலில் பட்ட மனத்தாங்கலை மூளை ஆற்றிக்கொள்வதில் அதற்குப் பங்கு உண்டு. விடியலில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்தால் முதலில் போவது அதுதான்.

ஐடி வேலை பார்க்கும் ஒருவர், இரவு வெளிநாட்டு மீட்டிங் முடித்துப் படுத்து, ஐந்து மணி வகுப்புக்குத் தவறாமல் வருவார். ஒருநாள் சூரிய நமஸ்காரம் முடித்து வீட்டுக்குப் போனவர், பையனின் ஒற்றை சாக்ஸைக் காணோம், வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது என்று டிபன் டப்பாவைத் தரையில் வீசியிருக்கிறார். மறுநாள் என்னிடம் கேட்கிறார்: "மாஸ்டர், பிராணாயாமத்தை இன்னும் அஞ்சு நிமிஷம் கூட்டலாமா?" ஏழு மணி பேட்சுக்கு மாறுங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நாலரைக்கு எழுவதில் ஒரு கௌரவம் வேறு!

முதலில் படுக்கும் நேரத்தைக் கால் மணி, கால் மணியாக முன்னால் கொண்டுவாருங்கள். அலாரம் அதன் பின்னால் வரட்டும். வேலை அதற்கு விடாது என்றால் ஏழு மணிக்கே எழுங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

போன்

படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம். சார்ஜர் ஹாலில் இருக்கட்டும்.

டியூப்லைட் காலை

உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்வது கண்ணில் படும் பகல் வெளிச்சம். வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான நாளிலும் வெளியே பல ஆயிரம். ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டு, டிகாக்ஷன் இறங்கும்வரை மாடியில் நில்லுங்கள். அதுவே போதும்.

ஒரே நாளில் ஏழு பழக்கம்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில், ஒரே ஒரு பழக்கம் தானாக வர 18 முதல் 254 நாள் வரை பிடித்தது. நடுவில் ஒருநாள் விட்டதால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். ஒன்றைப் பிடியுங்கள், விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள்.

அமைதி யாருக்கு?

கணவர் தியானத்தில், மனைவி குக்கர் விசிலில். ஐயா, தேங்காயைத் துருவிக் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.