பழைய கோஆக்சியல் கேபிளுக்கு ஏற்ற டோம் கேமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சுவருக்குள் பழைய கண்காணிப்புக் கேமராவின் கோஆக்சியல் கேபிள் (நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமரா போட்டுவிடலாம்" என்ற யோசனைக்கு உடனே தலையாட்டாதீர்கள். ஈரம் புகாத நல்ல செம்புக் கேபிள் எளிதில் கெட்டுப்போவதில்லை. மங்கலான பழைய அனலாக் படத்தைக் கொண்டுவந்த அதே கேபிள் 1080பி (ஃபுல் எச்டி) படத்தையும் வீடு, கடை அளவிலான தூரத்துக்குச் சிரமமில்லாமல் கொண்டுவரும். மாற்ற வேண்டியவை அதன் இரு முனைகளிலும் இருக்கும் கேமராவும், படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும்தான்.

தஞ்சாவூரில் சித்தப்பாவின் மளிகைக் கடையில் பழைய கேமராக்களைக் கழற்றிவிட்டு, அரைக்கோளக் குமிழ் மூடிய டோம் கேமராக்களை மாட்டிக் கொடுத்தேன். அதற்காகக் கடை கடையாக விசாரித்தபோது எல்லோரும் மெகாபிக்சலில்தான் பேச்சைத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முதலில் டிவிஆர், அடுத்து தூரம், அதன் பிறகு இரவு, மின்சாரம். இந்த வரிசையில் பார்த்துவந்தால் எத்தனை மெகாபிக்சல் தேவை என்பது தானாகவே முடிவாகிவிடும்.

படி 1: டிவிஆர் எதைப் படிக்கும்?

கோஆக்சியலில் ஓடும் சிக்னல் நான்கு வகைப்படும்: பழைய சிவிபிஎஸ், அதற்குப் பின் வந்த டிவிஐ, சிவிஐ, ஏஹெச்டி. நான்குக்கும் கேபிள் நுனியில் ஒரே பிஎன்சி முனைதான் (திருகிப் பூட்டும் உலோக இணைப்பி). அதனால் எந்தக் கேமராவையும் எந்த டிவிஆரிலும் செருகிவிட முடியும். படம் வருமா என்பது வேறு விஷயம். ஹிக்விஷன் டிவிஐ பக்கம், தாவா சிவிஐ பக்கம் என்று நிறுவனங்கள் பிரிந்து வளர்ந்ததால் வந்த சிக்கல் இது. நல்லவேளையாக, இன்று விற்கும் டோம் கேமராக்களில் பெரும்பாலானவை நான்கு வகையையும் அனுப்பக்கூடியவை. பெட்டியில் '4 இன் 1' என்று போட்டிருக்கும். அது இல்லாத கேமராவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

மாட்டியவுடன் திரை கறுப்பாக இருந்தால் பதற வேண்டாம். கேமராவின் வாலில் சிறு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அதை 5 நொடி அழுத்திப் பிடித்தால் சிக்னல் அடுத்த வகைக்கு மாறும். டிவிஆர் பிடித்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

டிவிஆர் சிவிபிஎஸ் மட்டுமே படிக்கும் பழைய பெட்டி என்றால், எந்தக் கேமராவை வாங்கினாலும் 960×576 புள்ளிகளுக்கு (பிக்சல்) மேல் கிடைக்காது. அப்படியானால் டிவிஆரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த இடம். டிவிஆர் பெட்டியின் மேல் 1080 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள். 1080பி என்றால் 1920×1080. 1080என் அல்லது 1080பி லைட் என்றால் 960×1080. அதாவது, அகலத்தில் பாதிப் புள்ளிகளைத்தான் பதிவு செய்யும். நேரலையில் படம் நன்றாகவே தெரியக்கூடும். ஏதாவது நடந்த பிறகு பதிவைப் பின்னோக்கி ஓட்டி, ஒரு முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் குறை வெளிப்படும். முழுக் கேமராவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதிப் படத்தைச் சேமித்து வைப்பதில் என்ன பயன்?

விவரத்தாளை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு நிமிடம் பதிவு செய்து, அதை பென் டிரைவில் எடுத்து, கணினியில் அந்தக் கோப்பின் பண்புகளைத் திறந்து பாருங்கள். அகலம் 1920 என்று இருந்தால் நிம்மதி. 960 என்று இருந்தால் டிவிஆரின் பதிவு அமைப்புகளுக்குள் சென்று, அந்தச் சேனலுக்கு 1080பி கிடைக்கிறதா என்று பாருங்கள். சில டிவிஆர்கள் 1080பி தரும்; ஆனால் நொடிக்கு 12 அல்லது 15 பிரேம்தான் தரும். கடைக்கும் வீட்டுக்கும் அது தாராளம். பிரேமைக் குறைத்து அகலத்தைக் காப்பாற்றுங்கள்.

5 மெகாபிக்சல் கேமரா வாங்குவதற்கு முன்பும் இதே கேள்விதான்: டிவிஆர் அந்த அளவில் பதிவு செய்யுமா? செய்யாது என்றால் அந்தக் கூடுதல் பணத்தை நல்ல லென்சுக்குச் செலவிடுங்கள்.

படி 2: தூரத்தை அளந்து லென்சைத் தேர்ந்தெடுங்கள்

கேமராவை மாட்டப்போகும் இடத்திலிருந்து, முகம் தெரிய வேண்டிய இடம் வரைக்கும் டேப் வைத்து அளங்கள். கண் மதிப்பு போதாது.

கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை ஒரு நல்ல கணக்கைத் தருகிறது. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும். பழகிய ஆளை 'இவர்தான்' என்று சொல்ல 125 போதும். 1080பி கேமராவில் இதைப் பொருத்திப் பார்த்தேன். 2.8 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 100 பாகைக்கு விரிந்து பார்க்கும். அறை முழுவதும் தெரியும், ஆனால் புதியவரின் முகம் சுமார் 3 மீட்டர் வரைதான் தேறும். 3.6 மி.மீ. என்றால் நாலே கால் மீட்டர் அளவில். 6 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 8 மீட்டர் வரை போகும். ஆனால் பக்கவாட்டில் குறுகிவிடும். சென்சாரின் அளவைப் பொறுத்து இவை சற்று முன்பின் ஆகும்.

ஆகவே கல்லாவுக்கு மேல் 2.8, நீண்ட நடைபாதைக்கு 6 என்று இடத்துக்கு ஏற்றபடி வாங்குங்கள். எல்லாக் கேமராக்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2.8 முதல் 12 வரை திருகி மாற்றக்கூடிய வேரிஃபோகல் டோம் எனக்கு மிகவும் பிடிக்கும். விலை கூடுதல்தான், ஆனால் வாசலுக்கு மட்டுமாவது அதைப் போடலாம்.

வாசல் கேமராவுக்கு இன்னொன்றும் தேவை. வெளியே வெயில், உள்ளே நிழல் என்றால் நுழைபவரின் முகம் கருநிழலாகிவிடும். அங்கே 120 டெசிபல் என்று குறிப்பிட்ட உண்மையான டபிள்யூடிஆர் (வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் சமாளிக்கும் வசதி) வேண்டும். டிடபிள்யூடிஆர் என்று இருப்பது மென்பொருள் வெளிச்சத்தைச் சரிக்கட்டும் வேலை. மேற்குப் பார்த்த கடையின் மாலை வெயிலுக்கு அது ஈடுகொடுக்காது.

படி 3: டோமின் இரவு முகம்

டோமின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: கூரையோடு ஒட்டி அடக்கமாக இருக்கும், எந்தத் திசையில் பார்க்கிறது என்று கீழே நிற்பவருக்குச் சட்டென்று பிடிபடாது, யாரும் எளிதில் கைவைத்துத் திருப்பவும் முடியாது. கை எட்டும் உயரத்தில் மாட்டுவதானால் ஐகே10 குறியுள்ள உலோக டோம் வாங்குங்கள். 20 ஜூல் மோதலைத் தாங்குவதற்கான குறி அது.

தொல்லை இரவில்தான். அகச்சிவப்பு விளக்குகளும் லென்சும் ஒரே கண்ணாடிக்குமிழுக்குள் இருந்தால், அந்த ஒளி குமிழின் உட்பக்கம் பட்டு லென்சுக்கே திரும்பி வரும். படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். இதைத் தடுக்கத்தான் லென்சைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் அல்லது ஃபோம் வளையம் இருக்கிறது. மூடியை இறுக்கும்போது அந்த வளையம் குமிழோடு அழுந்தி உட்கார வேண்டும். கடையில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளையம் மெலிந்தோ கோணலாகவோ இருந்தால் வேறு கேமராவைக் கேளுங்கள். குமிழில் விரல் படாமல் மாட்டுங்கள். விரல் ரேகை பகலில் தெரியாது, இரவில் பளிச்சிடும். கடையில் சாம்பிராணி போடும் வழக்கம் இருந்தால் அந்தப் புகையும் குமிழில் படியும். மென்மையான துணியால் அவ்வப்போது துடைக்க வேண்டியிருக்கும்.

வெளிச்சுவரில், மழைச் சாரல் படும் இடத்தில், குமிழ் டோமை நான் பரிந்துரைக்க மாட்டேன். குமிழில் நிற்கும் ஒவ்வொரு துளியும் இரவில் ஒரு வெளிச்சப் பொட்டாகும். அங்கே தூசியும் நீரும் புகாததற்கான ஐபி67 குறியுள்ள, கண்விழிபோல் உருண்ட ஐபால் வகையைப் போடுங்கள். அதில் லென்சையும் விளக்கையும் சேர்த்து மூடும் குமிழே கிடையாது.

(சேர்க்கை: டோமைச் சுவரில் மாட்டினால் படம் சாய்ந்து வருகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உள்ளே இருக்கும் லென்ஸ் தாங்கி மூன்று அச்சில் திரும்பக்கூடியதா என்று பாருங்கள். இரண்டு அச்சில் மட்டும் திரும்பும் டோம் கூரைக்கு மட்டுமே சரிவரும்.)

படி 4: கேமராவின் முனையில் எத்தனை வோல்ட்?

பகலில் நன்றாக வரும் படம் இரவானதும் துடித்துத் துடித்து மறைகிறதா? கேமராவைக் குறை சொல்வதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இந்த வேலை முழுவதற்கும் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் அதைத்தான் வாங்குவேன்.

3+1 கேபிளில் (ஒரு கோஆக்சியலும் மூன்று கம்பிகளும் சேர்ந்தது) மின்சாரத்துக்காக வரும் கம்பிகள் மெல்லியவை. அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். போகவரக் கம்பியின் தடை 5 ஓம் என்றால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் புறப்பட்டு 10 வோல்ட்தான் வந்து சேரும். பல கேமராக்கள் அதில் தள்ளாடும். லென்ஸ் பக்கத்தைக் கையால் மூடி, விளக்கை எரியவைத்து, கேமராவின் முனையில் அளந்து பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்சாரத்துக்கு மட்டும் தனியாகத் தடித்த கம்பி இழுங்கள். அல்லது அந்தக் கேமராவின் அருகிலேயே ஓர் அடாப்டர் வைத்துவிடுங்கள்.

புதிதாகக் கேபிள் வாங்கினால் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம். பிஎன்சி முனைகளில் திருகு வகையைவிட, கருவியால் நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் வகையே எனக்கு விருப்பம்; திருகு நாளடைவில் தளர்ந்துவிடும். எந்த வகையானாலும் வெளிப்பின்னலின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது.

துளை போடுவதற்கு முன்

எல்லாக் கேமராக்களையும் மேசை மேல் வைத்து, பழைய கேபிள்களிலேயே இணைத்து, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காலையில் பதிவைப் பார்த்துத் திருப்தியான பிறகு கூரையில் துளை போடுங்கள்.

(இன்னொரு சேர்க்கை: தனி அடாப்டர் வைத்த பிறகு திரையில் கிடைக்கோடுகள் மெதுவாக மேலேறுகின்றன என்று ஒருவர் கேட்டிருந்தார். கேமராவும் டிவிஆரும் வெவ்வேறு இடத்தில் மின்சாரம் எடுக்கும்போது எர்த் வழியாகச் சுற்று உண்டாவதால் வரக்கூடிய கோளாறு அது. முதலில், கேமராவின் உலோக உடலோ பிஎன்சி முனையோ கட்டடத்தின் இரும்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் நடுவே பிளாஸ்டிக் பெட்டி வைத்து மாட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை டிவிஆர் முனையில் செருகிப் பாருங்கள்.)