கர்த்தர் சொன்னாரா, நானே நினைத்துக்கொண்டேனா?

"கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சபையில் யாராவது சாட்சி சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கிற பலருக்கும் உள்ளே ஒரு கேள்வி ஓடும். எப்படிப் பேசினார்? காதில் கேட்டதா, கனவில் வந்ததா, இல்லை இவராகவே நினைத்துக்கொண்டாரா? வாய்விட்டுக் கேட்டால் விசுவாசக் குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். இந்தக் கேள்வியில் தப்பே இல்லை, கேட்கத்தான் வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எரேமியா தீர்க்கதரிசியைவிட நல்ல ஆள் எனக்குத் தெரிந்து வேதாகமத்தில் இல்லை. காரணம், அவருக்கே பல நேரம் பதில் தாமதமாகத்தான் வந்தது.

எரேமியா 42-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். எருசலேம் விழுந்தாகிவிட்டது. பாபிலோன் ராஜா வைத்துவிட்டுப் போன அதிகாரி கெதலியாவையும் கொன்றுவிட்டார்கள். மிச்சமிருந்த ஜனங்கள் பயந்துபோய் எரேமியாவிடம் வந்து, எங்களுக்காக ஜெபம் பண்ணும், நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்கிறபடியே செய்வோம் என்கிறார்கள். பத்து நாள் கழித்துத்தான் அவருக்கு வார்த்தை வருகிறது. ஊரே நடுங்கிக்கொண்டிருக்க, நாடறிந்த தீர்க்கதரிசி பத்து நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ராத்திரி ஜெபித்துவிட்டுக் காலையில் பதிலை எதிர்பார்க்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான விஷயம் அதற்கு முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. எரேமியாவிடம் வருவதற்கு முன்பே அவர்கள் எகிப்துக்குக் கிளம்பிவிட்டார்கள், பெத்லகேமுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தார்கள். மூட்டை கட்டியாகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "போகாதீர்கள்" என்று பதில் வந்ததும், நீ பொய் சொல்லுகிறாய் என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்கள். ஆகவே முதலில் செய்ய வேண்டியது இதுதான்: ஜெபத்துக்கு உட்காருவதற்கு முன், "இதில் நான் ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டேனா?" என்று ஒரு நோட்டில் எழுதிப் பதில் சொல்லுங்கள். எடுத்திருந்தால் அதையே அப்படியே ஜெபத்தில் சொல்லுங்கள். "ஆண்டவரே, எனக்கு இந்த வேலைக்குப் போகத்தான் ஆசை, வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படுவேன், ஆனாலும் கேட்கிறேன்." எல்லாவற்றையும் அறிந்தவரிடம் நடுநிலையாக இருப்பதுபோல நடித்து என்ன ஆகப்போகிறது?

அடுத்தது வசனம். தேவன் பேசுகிற வழிகளில் நம்பி நிற்கக்கூடியது இதுதான், மற்ற எல்லாவற்றையும் இதன்மேல் வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலையில் மொபைலுக்கு வருகிற ஒற்றை வசனப் படமும் போதாது. எரேமியா 29:11-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று எத்தனை சுவரில் தொங்குகிறது! அது கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வருகிற வரி. அதற்கு முந்தின வசனம், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. இன்னும் மேலே போனால், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்று இருக்கிறது. அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் கடிதம் சொல்லவே இல்லை. அதை வாசித்த பெரியவர்கள் திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும் அதை நம்பிக்கையின் கடிதம் என்று சொல்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். முழு அதிகாரத்தையும் வாசித்தால்தான் அது எப்படிப்பட்ட நம்பிக்கை என்று புரியும்.

எப்படி வாசிப்பது? ஒரு புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து வரிசையாக, ஒரு நாளைக்கு ஒரு பகுதி. இரண்டு தடவை வாசியுங்கள், இரண்டாவது தடவை சத்தமாக. எந்த வரியில் மனம் நிற்கிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள், இதை யார் யாருக்கு எப்போது சொன்னார் என்றும் எழுதுங்கள். அப்புறம் மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருங்கள். முதல் ஐந்து நிமிஷம் கட்ட வேண்டிய பில், போட மறந்த பதில் மெயில் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவற்றையும் நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்தால் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் பெரிய வெளிப்பாடாக இருக்காது. "அண்ணனுக்குப் போன் பண்ணு." "நேற்று அவளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது." இந்த மாதிரிச் சின்ன உணர்த்துதல்கள்தான். ஒப்புரவாகிவிட்டு வந்து காணிக்கை செலுத்து என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், ஆகவே அண்ணனுக்குப் போன் பண்ணுவதற்குத் தனியாக உறுதிப்படுத்துதல் எதுவும் தேவையில்லை, எழுந்து போய்ப் பண்ணுங்கள். இதைச் செய்யாமல் "என் எதிர்காலத்தைக் காட்டும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

பெரிய முடிவுகளுக்குத்தான் சோதித்துப்பார்த்தல். இங்கே பலரும் வைக்கிற ஒரே அளவுகோல், "எனக்குள்ள சமாதானம் இருக்கு." நான் இதை அவ்வளவாக நம்புவதில்லை. கர்த்தரை விட்டு ஓடிப்போன யோனா, புயலில் கப்பல் உடைகிற நிலையில் இருக்கும்போது கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பிதாவின் சித்தத்துக்குத் தம்மை முழுவதும் கொடுத்த இயேசுவோ கெத்செமனேயில் வியாகுலப்பட்டார், வேர்வை இரத்தத் துளிகளாய் விழுந்தது என்கிறார் லூக்கா. யோனாவுக்குத் தூக்கம் வந்தது, இயேசுவுக்கு வரவில்லை. மனநிம்மதி ஒரு அடையாளம், அவ்வளவுதான். கர்த்தரிடம் அடையாளம் கேட்டுக் கிதியோன் ஆட்டுத்தோலை விரித்ததையும் இப்படித்தான் முறையாக்கிவிட்டார்கள், அவருக்குச் செய்ய வேண்டியது முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது என்பதை மறந்துவிட்டு.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். தோன்றியதை ஒரே வாக்கியத்தில் எழுதித் தேதி போடுங்கள். வேதத்துக்கு நேர் எதிராக இருந்தால் அங்கேயே அடித்துவிடலாம். இல்லையென்றால் சில வாரம் அப்படியே விடுங்கள். அவசரமும் பயமும் சேர்ந்து "இன்றைக்கே செய், யாரிடமும் சொல்லாதே" என்று விரட்டினால் அதைச் சந்தேகப்படுங்கள். பிறகு இரண்டு பேரிடம் காட்டுங்கள், அதில் ஒருவராவது உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதவராக இருக்கட்டும். அவர்களிடம் "கர்த்தர் சொன்னார்" என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்குமேல் யார் வாய் திறப்பார்கள்? "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

மற்றவர்கள் உங்களுக்குத் தீர்க்கதரிசனம் சொன்னாலும் இதே விதிதான். பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பி வரும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் சொன்னபோது, எரேமியா "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அது நடந்தால் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் சமாதானம் கூறுகிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனை அறியலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். பாபிலோனுக்கு அடங்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதும் பதிலுக்குக் கத்தாமல் தன் வழியே போய்விட்டார், அதற்குப் பிறகுதான் கர்த்தருடைய வார்த்தை வந்தது. உங்கள் கலியாணம், பணம், வேலை பற்றி யாராவது மேடையிலிருந்து சொன்னால் நீங்களும் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பொறுத்திருக்கலாம், அது அவிசுவாசம் ஆகாது. யார் சொன்னாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல் கேட்டால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

சரி, ஒன்றுமே கேட்கவில்லையென்றால்? எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் தூங்கினார், இன்னொரு தரமும் சாப்பிட்டார். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகு. களைத்திருக்கிற உடம்போடு தேவசித்தம் தேடி விழித்திருக்காதீர்கள், போய்த் தூங்குங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஒரு விதியும் இங்கே உதவும்: மனம் வறண்டிருக்கும்போது, நன்றாக இருந்த காலத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. ஜெபிக்க வார்த்தையே வராத நாளில் 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிற சங்கீதம் அது, அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை என்று வரும்போது மறுபடியும் எரேமியாதான். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது, அவரோ காவற்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். சொந்த ஊரான ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி உறவினன் அனாமெயேல் வருவான் என்று கர்த்தர் சொல்கிறார். அவன் வந்து நின்ற பிறகுதான், "அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்" என்று எழுதுகிறார், அதுவரை அவருக்கும் நிச்சயம் இல்லைபோல. பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போடுகிறார், பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரமாக வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு ஜெபத்தில் கேட்கிறார்: நகரமே போகப்போகிறது, நீரோ நிலத்தை வாங்கச் சொல்கிறீரே?

இந்த வரிசையைக் கவனியுங்கள், முதலில் பத்திரம், அப்புறம் சந்தேகம். உங்களுக்கும் நிச்சயம் வந்த பிறகுதான் அடி எடுத்துவைப்பேன் என்று இருக்க வேண்டியதில்லை. வேலை போன வாரத்தில் ஒரு விண்ணப்பம் அனுப்புவது, பேச்சு நின்றுபோன வீட்டில் பேசாமலிருப்பவருக்கும் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு வைப்பது, சிகிச்சை நடக்கும்போதே அடுத்த வருஷப் படிப்புக்குப் பணம் கட்டுவது. இதில் உங்களால் முடிந்த ஒன்றை இந்த வாரம் செய்யுங்கள். செய்த தேதியை நோட்டில் போட்டு, உள்ளே இருக்கிற சந்தேகத்தையும் அதற்குக் கீழேயே மறைக்காமல் எழுதிவிடுங்கள்.