பழைய லேப்டாப்பை ஈபேயில் ஏலம் விடும் முன்

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். ஈபேயில் உங்கள் மாடலைத் தேடி, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டிப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

அப்புறம் உள்ளே இருக்கும் தகவல்களைத் துடைக்கும் வேலை. ஃபைல்களை ரீசைக்கிள் பின்னில் போட்டுக் காலி செய்தால் போதாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, 'க்ளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். இதற்கு மணிக்கணக்கில் ஆகலாம், சார்ஜரைக் கழற்றாதீர்கள். மேக் என்றால், தொலைந்த கருவியைக் கண்டுபிடிக்க உதவும் 'ஃபைண்ட் மை'யை அணைத்து, ஐகிளவுடிலிருந்து வெளியே வாருங்கள். மறந்தால், புதிய மேக்குகளில் ஆக்டிவேஷன் லாக் விழும், அதாவது உங்கள் ஆப்பிள் கணக்கு இல்லாமல் திறக்க முடியாத பூட்டு. வாங்கியவர் கையில் இருப்பது வெறும் அலுமினியத் தகடு!

பகல் வெளிச்சத்தில், திரை ஓடும்போது படம் எடுங்கள். மூலையில் கீறலா? பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அதற்கென்று தனிப் படம். குறையை மறைத்தால் பார்சல் திரும்பி வரும், அனுப்பும் செலவும் நம் தலையில்தான். அடியில் உள்ள சீரியல் நம்பரையும் படமெடுத்து வையுங்கள்; வேறொரு பழுதான மெஷினைத் திருப்பி அனுப்பும் ஆட்களும் உண்டு.

ஏலத்தை 7 நாளுக்கு வைத்து, ஞாயிறு மாலை முடியும்படி தொடங்குவது என் வழக்கம். கடைசி நிமிடத்தில்தான் விலை துள்ளும், அந்த நேரத்தில் ஆட்கள் விழித்திருக்க வேண்டுமே!