கச்சான் காலத்தில் திருகோணமலை வருபவர்களுக்கு

மே முதல் ஓகஸ்ட் வரை இங்கே கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் சூடாக நம் பக்கம் வந்து இறங்கும். கடல் நிலாவெளியில் குளம் போல் கிடக்கும், குளிக்க அருமையான காலம். ஆனால் பகல் வெயில் பொல்லாதது.

அதனால் கோணேஸ்வரம் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டிய இடம், பதினொரு மணிக்குப் பிறகு தரை காலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளோடு வருபவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்குள்தான். அதன் வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். வாசல் கல்லில் மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் தெரிகின்றன. பலர் ஓட்டோவில் இருந்தபடியே இதைக் கடந்து போவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். உள்ளே மான்கள் கிட்ட வரும். பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள், பையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஏழு கிணறுகளிலும் சூடு வேறுவேறு, முதலில் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் தலைக்கு ஊற்றுங்கள்.

சரி, ஒக்டோபர் கடைசிக்கு மேல் வருவதென்றால் குடை வேண்டும். ஜனவரி வரை வாடை மழை, கடலும் கொந்தளிக்கும். நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்குப் போகும் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள்.